மலையோட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் சைக்கிளிலிருந்து விழுந்தால்

மலைப்பாதை ஓட்டத்துக்குத் தயாராகிறவர்கள் வாரத்தில் ஒரு நாள் சைக்கிளை எடுப்பது நல்ல பழக்கம். மூட்டுகளில் அடி விழாமல் இரண்டு மூன்று மணி நேரம் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை கிடைக்கும். சென்னைக்காரர்களுக்கு ஞாயிறு விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை இதற்கு வசதியான இடம். விழுவதும் அங்கேதான். சாலையோரத்தில் பரவிக் கிடக்கும் மணல், வெளிச்சம் வராத நேரத்தில் கண்ணுக்குப் படாத வேகத்தடை, குறுக்கே பாயும் நாய், சிக்னலில் நிற்கும்போது பெடலிலிருந்து கழலாத கிளீட் என்று காரணங்கள் பல. விழும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். உடல் பக்கவாட்டில் சாய்கிறது. கை தானாக நீள்கிறது. உள்ளங்கை, முழங்கை, இடுப்பின் பக்கத்து எலும்பு, முழங்காலின் வெளிப்பக்கம் எல்லாம் சாலையில் உரசுகின்றன.

இந்த அத்தியாயம் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுந்து, சரியாக மூன்று வாரம் கழித்து நீலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ 25, 30 கி.மீ. ஓட வேண்டியவருக்காக எழுதப்படுகிறது. எலும்பு முறிந்தவர்களுக்கும் தசைநார் அறுந்தவர்களுக்கும் இது பொருந்தாது. அவர்கள் மருத்துவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

விழுந்தவர் வீட்டுக்கு வந்ததும் முதலில் கவலைப்படுவது, இத்தனை மாதப் பயிற்சியும் வீணாகிவிடுமோ என்றுதான். அந்தக் கவலை தேவையில்லை. நன்கு பழகிய வீரர்களின் பயிற்சியை முழுவதுமாக நிறுத்திப் பார்த்து 1984-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் முதல் மூன்று வாரத்தில் 7 சதவீதம்தான் குறைந்தது. நீங்கள் முழுவதுமாக நிறுத்தப்போவதும் இல்லை. அதனால் மூச்சைப் பற்றிக் கவலை வேண்டாம். பார்க்க வேண்டியது இறக்கத்தை. சமதளத்தில் வலிக்காத முழங்கால், ஏற்றத்திலும் வலிக்காத முழங்கால், இறக்கத்தில் வலிக்கும். இந்த மூன்று வாரத்தின் திட்டம் முழுவதும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே அமைய வேண்டும்.

விழுந்த இடத்திலேயே பார்க்க வேண்டியவை

எழுந்ததும் சைக்கிளைப் பார்க்காதீர்கள், தலையைப் பாருங்கள். தலை தரையில் பட்டதா? ஹெல்மெட்டில் கீறலோ விரிசலோ உண்டா? ஒரு கணமேனும் நினைவு தப்பியதா? தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, பார்வை இரட்டையாகத் தெரிவது, பேச்சுக் குழறுவது, கேட்ட கேள்வியையே கேட்பது, வழக்கத்துக்கு மாறான தூக்கம், கைகாலில் பலவீனம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக அவசரசிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தனியாக சைக்கிளில் திரும்ப வேண்டாம். இவை எதுவும் இல்லாமல் மந்தமும் லேசான தலைவலியும் மட்டும் இருந்தாலும் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மூளை அதிர்ச்சி என்று அவர் சொன்னால், முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வாக இருந்து, பிறகு படிப்படியாகத்தான் ஓட்டத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே குறைந்தது ஒரு நாள் தேவை. அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி அணியாதீர்கள். உள்ளிருக்கும் நுரை ஒருமுறை நசுங்கிவிட்டால் அடுத்த அடியைத் தாங்காது. வெளியே பார்க்க நன்றாக இருக்கும் என்பதால் பலர் அதையே வைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது வயிறு. ஹேண்டில்பாரின் முனை வயிற்றிலோ விலாவின் கீழோ குத்தியிருந்தால், வெளியே சிறு தடம் மட்டும் தெரியும். உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்திருக்கக்கூடும். சில மணி நேரம் கழித்து வயிறு வலித்தாலும், தலைசுற்றினாலும், இடது தோளில் காரணமில்லாத வலி வந்தாலும் தாமதிக்கக் கூடாது.

மூன்றாவது எலும்பு. எக்ஸ்-ரே வேண்டுமா என்பதைத் தீர்மானிக்க கனடாவின் ஓட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் வெளியிட்ட விதிகளை உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். கணுக்காலின் இருபக்கமும் புடைத்திருக்கும் எலும்பின் பின் ஓரத்தையும் நுனியையும் விரலால் அழுத்திப் பாருங்கள். பாதத்தின் வெளி விளிம்பில் நடுவே துருத்தி நிற்கும் எலும்பையும், உட்பக்கம் பாத வளைவுக்கு மேலுள்ள எலும்பையும் அழுத்துங்கள். எலும்பின் மேலேயே வலித்தாலும், அந்தக் காலை ஊன்றி நான்கு அடி நடக்க முடியாவிட்டாலும் எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். முழங்காலில் அடிபட்டவருக்கும் நான்கு அடிக் கணக்கு உண்டு. கூடவே முழங்காலை 90 பாகை மடக்க முடியாமை, முழங்கால் சில்லில் மட்டும் அழுத்தினால் வலி, வெளிப்பக்கம் சற்றுக் கீழே இருக்கும் எலும்புத் தலையில் வலி, வயது 55 அல்லது அதற்கு மேல் இருப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்-ரே அவசியம்.

மணிக்கட்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதைத்தான் எல்லாரும் அலட்சியம் செய்கிறார்கள். கட்டைவிரலை விரித்து நீட்டினால் அதன் அடியில், மணிக்கட்டை ஒட்டி, ஒரு சிறு குழி விழும். அங்கே அழுத்தினால் வலிக்கிறது என்றால், உள்ளே இருக்கும் படகு வடிவச் சிறு எலும்பு முறிந்திருக்கலாம். முதல் நாள் எக்ஸ்-ரேயில் இந்த முறிவு பல சமயம் தெரியாது. பத்து, பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காமல் விட்டால் ஒட்டாமலே போய், கை வாழ்நாள் முழுவதும் தொல்லை தரும். 'சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவினால் சரியாகும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். புத்தூர் கட்டுப் போடும் வழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அதில் நம்பிக்கை உள்ளவரும் எக்ஸ்-ரே பார்க்காமல் எதையும் கட்டிக்கொள்ளக் கூடாது.

விழுவதற்குக் காரணம் நாயாக இருந்து அதன் பல்லோ நகமோ பட்டிருந்தால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

சிராய்ப்பு

எலும்பு தப்பித்தது என்றால் மிச்சம் தோல். சிராய்ப்பைச் சின்னக் காயம் என்கிறோம். ஆனால் போட்டிக்கு முன் உங்களுக்கு அதிக நாள் இழப்பு ஏற்படுத்தக்கூடியது அதுதான். முதல் அரை மணி நேரத்தில் சரியாகக் கழுவாத சிராய்ப்பு நான்காம் நாள் சீழ் வைக்கிறது. பத்தாம் நாளும் ஓட முடியாமல் போகிறது.

குழாயைத் திறந்து, மிதமாக ஓடும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் காட்டுங்கள். வலிக்கும், ஆனாலும் மணலும் தார்த்துகளும் முழுக்கப் போக வேண்டும். ஈரமான மெல்லிய துணியால் மெதுவாகத் துடைத்து எடுங்கள். எடுக்க வராமல் ஒட்டியிருப்பதை நர்ஸ் எடுக்கட்டும். தங்கிவிடும் கருந்துகள் தோலுக்குள் பச்சை குத்தியது போல நிலைத்துவிடும். டெட்டாலையும் ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் காயத்தின் மேல் ஊற்றாதீர்கள். அவை கிருமிகளோடு புதிதாக வளரும் திசுவையும் அழிக்கின்றன. காபித்தூள், மஞ்சள், பற்பசை எதுவும் வேண்டாம். சமையல் மஞ்சளில் கிருமி இல்லை என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. தூள் காயத்தில் ஒட்டிக்கொண்டால் மறுபடி தேய்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

காயத்தைக் காற்றாடக் காயவிட வேண்டும் என்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் யோசனை. அது தவறு. ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் 1962-ல் பன்றிகளின் தோலில் செய்து காட்டிய சோதனையில், ஈரம் காக்கப்பட்ட காயம், காற்றில் காய்ந்து பொருக்குக் கட்டிய காயத்தைவிட வேகமாக மூடியது. இன்றைய கட்டுகள் பலவும் அந்த அடிப்படையில்தான் தயாராகின்றன. வாசலின் மெல்லிதாகத் தடவி, ஒட்டாத கட்டுத்துணி வைத்து, மேலே டேப் போடுங்கள். தினமும் ஒருமுறை மாற்றுங்கள். ஓட்டக்காரருக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. முழங்காலின் மேல் தடிப்பாகக் கட்டிய பொருக்கு ஒவ்வொரு முறை காலை மடக்கும்போதும் வெடித்து ரத்தம் கசியும். ஈரமாக வைத்த காயத்தில் அந்தத் தொல்லை இல்லை. முதல் வாரத்திலிருந்தே முழங்காலை முழுதாக மடக்கி நீட்ட முடியும்.

மண் படிந்த காயத்துக்கு, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டுக்கு மேலாகியிருந்தால் ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும். எப்போது போட்டோம் என்று நினைவில்லாதவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். சிவப்பு பரவுவது, சூடு, நாற்றம், காய்ச்சல் ஆகியவை வந்தால் வீட்டு வைத்தியத்தை நிறுத்துங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதற்காகக் காத்திருக்காமல் முதல் நாளே காட்டிவிடுவது நல்லது.

ரத்தக்கட்டும் சுளுக்கும்

தொடையில் ரத்தம் கட்டியிருந்தால் அதை நீவவே கூடாது. விளக்கெண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிட்டால் கட்டு கரைந்துவிடும் என்று நினைப்பார்கள். உருவினால் உள்ளே ரத்தக் கசிவு கூடும். சில பேருக்கு அந்தத் தசைக்குள்ளேயே எலும்பு போல இறுகிய கட்டி வளர்ந்து மாதக்கணக்கில் படுத்தும். இடுப்பின் பக்கத்தில் விழுந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோலுக்கும் தசை உறைக்கும் நடுவே நீர் கோத்து, அழுத்தினால் தளதளவென்று அசைந்தால் அது சாதாரண வீக்கம் அல்ல. அழுத்தக் கட்டோ ஊசியால் நீரை எடுப்பதோ தேவைப்படும். தானாக வற்றும் என்று காத்திருந்தால் நாள்பட்ட கட்டியாகிவிடும்.

லேசான சுளுக்குக்கும் ஊமையடிக்கும் முதல் மூன்று நாள் அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல், வலிக்காத அளவுக்கு அசைவு. ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து, பதினைந்து நிமிடம் வைத்தால் வலி அடங்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். 'ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தல்' என்ற நான்கையும் 1978-ல் ஒன்றாகச் சேர்த்துச் சொன்ன அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே பின்னாளில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்றார். நான்காம் நாளிலிருந்து நடங்கள். முழங்கால் வலியில்லாமல் மடங்கினால், வீட்டுக்குள் நிறுத்தி ஓட்டும் சைக்கிளில் லேசாக மிதிக்கலாம். தோல் முழுவதும் மூடும்வரை நீச்சல் குளம் வேண்டாம். ஓடவில்லை என்பதற்காகச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். முட்டை, மீன், சுண்டல், தயிர் என்று புரதம் கூடுதலாகவே இருக்கட்டும்.

பதின்மூன்று நாள் கணக்கு

நாள்காட்டியில் மூன்று வாரம் இருக்கிறது. கையில் இருப்பது பதின்மூன்று நாள். காரணம் இறக்கத்தின் இயல்பு.

ஏற்றத்தில் தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறக்கத்தில் அதே தசை, உடலின் எடை முழுவதையும் பிடித்து நிறுத்திக்கொண்டே நீள்கிறது. நீண்டுகொண்டே இழுபடும் தசை நாரில் நுண்ணிய சேதம் உண்டாகிறது. மறுநாள், அதற்கு மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் தவிப்பது அதனால்தான். அந்த வலி மூன்று நாளில் போனாலும் தசையின் வலு முழுதாகத் திரும்ப ஒரு வாரம்கூட ஆகும். இதில் நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. ஒருமுறை இப்படி இறக்கத்தில் ஓடிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் மிகக் குறைவாகவே சேதமாகிறது. ஆக, போட்டிக்கு முன் ஒருமுறையாவது இறக்கத்தில் நன்றாக ஓடியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு தசை தேற ஒரு வாரமும் விட வேண்டும். ஞாயிறு போட்டி என்றால் அதற்கு முந்தைய வாரத்துச் சனிக்கிழமை இறக்கச் சோதனை. விழுந்த நாளிலிருந்து எண்ணினால் அது பதின்மூன்றாம் நாள்.

அந்தச் சனிக்கிழமையை நோக்கித்தான் இரண்டாம் வாரம் நகர வேண்டும். எட்டாம் நாள், அரை மணி நேரம் வேகமாக நடந்து பாருங்கள். அடிபட்ட காலில் மட்டும் அரை நிமிடம் நில்லுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி இறக்குவது, தாழ்ந்த படியிலிருந்து ஒற்றைக் காலால் மெதுவாக இறங்குவது, ஒற்றைக் காலில் சிறு துள்ளல் என்று போங்கள். அடிபடாத காலோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இவையெல்லாம் வந்தால் சமதளத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று இருபது நிமிடம். பத்தாம் நாள் வாக்கில் முதல் சிறு இறக்கம். சென்னையில் மேடு இல்லை என்ற குறையைப் பலர் மேம்பாலங்களிலும் பரங்கிமலையிலும் தீர்த்துக்கொள்கிறார்கள். முதல் இறக்கத்துக்கு அது போதும்.

சனிக்கிழமைச் சோதனைக்கு மட்டும் உண்மையான மலைப்பாதை வேண்டும். மேம்பாலத்தில் கல் உருளாது, வேர் தடுக்காது, பாதம் கோணலாக ஊன்றாது. ஏலகிரியின் பழைய நடைபாதையோ உங்கள் ஊருக்கு அருகில் இருக்கும் குன்றோ எதுவானாலும் சரி. தனியாகப் போகாதீர்கள். போட்டியன்று போடும் அதே காலணி, முதுகில் அதே தண்ணீர்ப் பை, அதே எடை. மொத்தம் இருபது, முப்பது நிமிட இறக்கம் கிடைக்கும்படி ஏறி இறங்குங்கள். வலிநிவாரணி எதுவும் போட்டிருக்கக் கூடாது. போட்டால் அது சோதனையே அல்ல.

மதிப்பிடும் முறை இது. வலியே இல்லை என்பது 0, தாங்கவே முடியாது என்பது 10 என்று வைத்துக்கொண்டால், இறங்கும்போது வலி 3-ஐத் தாண்டக் கூடாது. இறங்க இறங்கக் கூடவும் கூடாது. உடன் வருபவரைப் பின்னால் ஓடிவந்து உங்கள் காலடி ஓசையைக் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு காலும் ஒரே சீராக ஒலிக்க வேண்டும். ஒரு பக்கம் கனமாக விழுந்தால் உடல் அடிபட்ட காலைக் காப்பாற்றிக்கொண்டு ஓடுகிறது என்று பொருள், 30 கி.மீ. அப்படி ஓடினால் நல்ல காலும் கெடும். கடைசித் தீர்ப்பை மறுநாள் காலை சொல்லும். தொடையில் பொதுவான வலி இருப்பது இயல்பு. அடிபட்ட இடத்தில் புது வீக்கமோ விறைப்போ இருந்தால் சோதனையில் தேறவில்லை.

தேறாதவருக்கு இரண்டு வழி உண்டு. பெரும்பாலான மலையோட்டங்களில் 10 கி.மீ., 15 கி.மீ. பிரிவுகளும் இருக்கின்றன, அமைப்பாளருக்கு எழுதிக் கேட்டால் பல இடங்களில் மாற்றிக் கொடுப்பார்கள். இன்னொன்று, போகாமல் இருப்பது. நகரத்து மாரத்தானில் கால் தகராறு செய்தால் ஓரமாக உட்கார்ந்து ஆட்டோ பிடிக்கலாம். மலையில் உங்களைத் தூக்கிக்கொண்டு இறங்க நான்கு தன்னார்வலர்கள் வேண்டும்; அந்த நேரத்தில் அவர்கள் பார்க்க வேண்டிய மற்ற ஓட்டக்காரர்களைக் கவனிக்க ஆள் இருக்காது. தேறாத காலோடு புறப்படுவதைத் துணிச்சல் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

போட்டி வாரம்

சோதனையில் தேறியவர்கள் கடைசி வாரத்தில் புதிதாக எதையும் முயலக் கூடாது. இரண்டு மூன்று சிறு ஓட்டங்கள், நல்ல தூக்கம், அவ்வளவுதான். கணுக்கால் சுளுக்கியவர்கள் கயிறு கட்டும் வகைக் கணுக்கால் உறையை அணிந்து ஓடினால் மறுபடி சுளுக்குவது குறையும். ஆனால் சோதனை ஓட்டத்திலேயே அதை அணிந்து பழகியிருக்க வேண்டும். உள்ளங்கையில் புதுத் தோல் வந்தவர்கள் சைக்கிள் கையுறையைப் போட்டுக்கொண்டு ஓடலாம். மலைப்பாதையில் தடுக்கினால் முதலில் ஊன்றுவது அந்தக் கையைத்தான்.

தோல் இன்னும் மூடவில்லை, பாதையில் ஓடையோ சேறோ இருக்கிறது என்றால் கவனம். எலி, கால்நடை ஆகியவற்றின் சிறுநீர் கலந்த நீரிலும் ஈர மண்ணிலும் வாழும் எலிக்காய்ச்சல் கிருமி, கீறல் விழுந்த தோல் வழியாக உடம்புக்குள் போகும். 2000-ல் மலேசியாவின் சபா மாநிலத்தில் நடந்த ஈகோ-சாலஞ்ச் சாகசப் போட்டிக்குப் பிறகு, விசாரிக்கப்பட்ட 189 பேரில் 80 பேருக்கு அந்த நோயின் அறிகுறிகள் இருந்தன; ஆற்றில் நீந்தியவர்களுக்கே ஆபத்து அதிகமாக இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்கால ஓட்டம் என்றால் நீர் புகாத கட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஓடி முடித்த இரண்டு, மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் 'ஓடையில் இறங்கினேன்' என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

காலையில் ஒரு டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ விழுங்கிவிட்டு வரிசையில் நிற்பவர்களை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கலாம். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். நீண்ட ஓட்டத்தில் நீர் வற்றிக்கொண்டிருக்கும் உடலில் இந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. 80 கி.மீ. ஓட்டக்காரர்களிடம் நடத்தி 2017-ல் வெளிவந்த ஆய்வில், சிறுநீரகப் பாதிப்பு மாத்திரை எடுக்காதவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருந்தது. ஐபுப்ரோஃபென் எடுத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இருந்தது. வலி மறைவதால் வரும் ஆபத்து தனி. அடிபட்ட கால் இறக்கத்தில் உங்களை எச்சரிக்க வழியில்லாமல் போகிறது.

எண் அட்டை வாங்கும்போது மருத்துவக் குழுவிடம் அடிபட்டதைச் சொல்லிவிடுங்கள். அட்டையின் பின்புறம் உங்கள் ரத்த வகை, ஒவ்வாத மருந்து, எந்தப் பக்கம் எப்போது அடிபட்டது, வீட்டுத் தொலைபேசி எண் ஆகிய நான்கையும் அழியாத மையில் எழுதுங்கள். எழுதிய பிறகே அட்டையைச் சட்டையில் குத்துங்கள்.